ஆற்றுத்துறையிலிருந்து கடல் துறைமுகம் வரை

(ரப்பர்த் தோட்ட மண்டபம் ஒன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் களைப்பு தீருமுன்பே இம்மண்டபத்திற்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரம் விலை மதிப்புள்ளது என்பதை அறிவேன். ஆதலால் பயனுள்ள ஒரு செய்தியை மட்டும் சொல்லி அமர விரும்புகிறேன்.

சென்ற முறை நான் இத்தோட்டத்திற்கு வந்திருந்தபோது, பால் நிறுக்கும் கொட்டகையருகில் மூத்த தொழிலாளி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நாற்பது ஆண்டுகளாக மரம் வெட்டுகிறேன். லாரியில் ஏறிப் போகும் பால் கடைசியில் துறைமுகத்திற்குப் போகிறது என்கிறார்கள். அந்தத் துறைமுகத்திற்கும் நமக்கும் என்ன உறவு?" என்றார். அன்று நேரமின்மையால் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டுச் சென்றேன். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. இன்று அதற்கு முறையாக விடை கூற முயல்கிறேன்.

ஆறே அன்றைய சாலை

இன்று நமக்குத் தார்ச்சாலை உண்டு, நெடுஞ்சாலை உண்டு, இரயில் உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அடர்ந்த காட்டினுள் செல்வதற்கு ஆறு ஒன்றே வழி. ஆகவே துறைமுகங்களும் ஆற்றோரத்திலேயே தோன்றின. கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்துவிட்டால் கப்பலுக்குப் புயலின் அச்சம் இல்லை; குடிநீர் உண்டு; உள்நாட்டு விளைபொருள் படகிலேயே வந்து சேரும். காவலும் எளிது.

இதற்குப் பழைய சான்று நம் கெடா மாநிலத்திலேயே இருக்கிறது. மெர்போக், மூடா ஆகிய ஆறுகளின் வடிநிலத்தில், ஜெராய் மலையின் அடிவாரத்தில் அமைந்தது பூஜாங் பள்ளத்தாக்கு. தமிழகத்திலிருந்து சென்ற வணிகர்களும் இந்நிலப்பகுதியை அறிந்திருந்தனர். 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை வென்றதாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறும் கடாரம் இதுவே என்பது அறிஞர் கருத்து. பெடோங் நகருக்கு அருகிலுள்ள சுங்கை பத்துவில் அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், படகுத்துறை எனக் கருதப்படும் செங்கற் கட்டடங்களும் வெளிப்பட்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படகுத்துறை இன்று கடலோரத்தில் இல்லை. அதைச் சுற்றி நிற்பவை செம்பனை மரங்கள்! ஒரு காலத்தில் கலங்கள் வந்து நின்ற நீர்ப்பரப்பு எவ்வாறு நிலமாயிற்று? ஆறு கொண்டுவந்த மண் சிறிது சிறிதாகப் படிந்து, கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. துறைமுகத்தை வாழவைத்த ஆறே அதனை மூடவும் செய்தது.

மலாக்காவின் கதையும் இதனை ஒத்ததே. 1400-ஆம் ஆண்டளவில் ஓர் ஆற்றின் முகத்தில் எழுந்த அந்நகரம், நூறு ஆண்டுகளுக்குள் உலகப் புகழ் பெற்றது. வெளிநாட்டு வணிகரைக் கவனிப்பதற்கென்றே ஷாபந்தர் என்னும் துறைமுக அதிகாரிகள் நால்வர் அங்கிருந்தனர். தமிழகக் கரையிலிருந்து சென்ற வணிகர்களும் அங்கே செல்வாக்குடன் வாழ்ந்தனர். பின்னர் 1786-இல் பினாங்கும், 1819-இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் துறைமுகங்களாக எழுந்தன. பெரிய கப்பல்களுக்கு ஆழமான நீர் வேண்டியிருந்தது. மண் சேர்ந்து ஆழம் குறைந்த மலாக்காவை விட்டு வணிகம் மெல்ல மெல்ல அவ்விரு தீவுகளுக்கும் சென்றுவிட்டது.

கிள்ளான் ஆறும் பெங்காலான் பத்துவும்

இப்பொழுது நமக்கு மிக அண்மையிலுள்ள ஆற்றுக்கு வருவோம். கிள்ளான் ஆறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுடையது. மலையில் பிறந்து, கோலாலம்பூர், ஷா ஆலாம், கிள்ளான் ஆகிய நகரங்களைக் கடந்து கடலில் கலக்கிறது.

1857-ஆம் ஆண்டில் சீனச் சுரங்கத் தொழிலாளர் 87 பேர் இந்த ஆற்றின் வழியாகவே படகில் மேலே சென்றனர். கோம்பாக் ஆறு வந்து சேருமிடத்தில் படகு நின்றது. அதற்குமேல் நடந்து அம்பாங் பகுதிக்குச் சென்று வெள்ளீயம் தேடினர். அவர்களுள் பெரும்பாலோர் காய்ச்சலுக்கு இரையாயினர். ஆயினும் ஈயம் கிடைத்தது. ஆறுகள் கூடும் அவ்விடத்தில் கடைகள் தோன்றின. அதுவே பின்னாளில் கோலாலம்பூர் மாநகரமாயிற்று. நம் தலைநகரமும் ஓர் ஆற்றுத்துறையாகவே பிறந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அந்த ஈயம் வெளியேறிய துறை, கிள்ளான் நகரின் ஆற்றங்கரையில் இருந்த பெங்காலான் பத்து. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஆற்றில் தமன்சாரா வரை படகும், அதன்பின் மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே போக்குவரத்தாக இருந்தன. இத்துன்பத்தைப் போக்க 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. ஆற்றின் மேல் பாலம் அமைத்து, 1890-இல் அது கிள்ளான் நகருக்கே நீட்டிக்கப்பட்டது.

இரயில் வந்ததும் சரக்கு பெருகியது. சரக்கு பெருகியதும் பெரிய கப்பல்கள் தேவைப்பட்டன. ஆனால் பெங்காலான் பத்துவின் படகுத்துறைக்கு, நீரில் ஏறத்தாழ 4 மீட்டருக்கு மேல் அமிழும் கப்பல் வர இயலாது. ஆறு தன் எல்லையைக் காட்டிவிட்டது. எனவே ஆற்றின் முகத்திற்கே துறைமுகத்தைக் கொண்டுசெல்ல அரசு முடிவு செய்தது. 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. அன்று அதற்கிட்ட பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972-ஆம் ஆண்டு முதல் அது போர்ட் கிள்ளான் என்னும் பெயரைப் பெற்றது.

நம் முன்னோர் பலர் இந்த மண்ணில் முதன்முதலில் காலடி வைத்த இடங்களுள் அத்துறைமுகமும் ஒன்று. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, பினாங்கு வழியாக அங்கே வந்திறங்கியவர்கள் அவர்கள். 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரை இங்குள்ள மூத்தோர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பர். ஆகவே, "நமக்கும் துறைமுகத்திற்கும் என்ன உறவு?" என்ற கேள்விக்கு முதல் விடை இது: நாம் வந்த வாயிலும் அதுவே, நம் உழைப்பு வெளியே செல்லும் வாயிலும் அதுவே.

இரண்டே மாதத்தில் மூடிய துறைமுகம்

புதிய துறைமுகம் திறந்த இரண்டே மாதங்களில் மூடப்பட்டது. காரணம் போரன்று, புயலன்று. மலேரியாக் காய்ச்சல்!

துறைமுகம் அமைந்த இடம் சேற்று நிலம். மலாய் மொழியில் பாக்காவ் எனப்படும் கண்டல் மரங்கள் நிறைந்த சதுப்பு. ஆழத்தை அளந்தவர்கள் கொசுவை எண்ணிப் பார்க்கவில்லை. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் இந்தியாவில் கண்டறிந்தது 1897-ஆம் ஆண்டில்தான். அந்தப் புதிய அறிவை உடனே செயலில் காட்ட வேண்டிய இடமாகக் கிள்ளான் அமைந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பைத் தூர்த்து, புதரை வெட்டி, வாய்க்கால் அமைத்துத் தேங்கிய நீரை வடிக்கச் செய்தார். காய்ச்சல் தணிந்தது, துறைமுகம் பிழைத்தது.

அவர் அதனோடு நிற்கவில்லை. ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர்கள் காய்ச்சலால் கூட்டம் கூட்டமாக மடிந்த காலம் அது. வாட்சன் தோட்டங்களுக்கும் வந்து ஆராய்ந்தார். அங்கே ஒரு வியப்பைக் கண்டார். கடலோரச் சமநிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தால் மலேரியா குறைந்தது. மலைத்தோட்டங்களிலோ காட்டை வெட்டியதும் மலேரியா கூடியது! ஏனெனில் மலையோடைகளில் வெயில் படும் தெளிந்த நீரை விரும்பும் கொசுவினம் வேறு. ஆகவே ஓரிடத்தில் நன்மை தந்த செயல் மற்றோரிடத்தில் தீமை தரலாம். நிலத்தை அறிந்து செய்வதே அறிவுடைமை. அந்நாள் முதல் மலைத்தோட்டங்களின் ஓடைகளில் எண்ணெய் தெளிப்பது வழக்கமாயிற்று.

இது நமக்குத் தரும் முதற்பாடம்: மக்களின் நலத்தைக் கணக்கில் சேர்க்காத துறைமுகம் எத்துணை ஆழமாயினும் நிலைக்காது.

மண் எங்கிருந்து வருகிறது?

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சில ஆண்டுகள் பள்ளியில் கற்பித்தவன். ஆதலால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. மழை பெய்த மறுநாள் ஆற்று நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வையுங்கள். முதலில் தேநீர் போலத் தோன்றும். சிறிது நேரம் ஆடாமல் இருந்தால் அடியில் மண் படியும். மேலே நீர் தெளியும். ஆற்றிலும் நடப்பது இதுவே. நீர் விரைந்து ஓடும்போது மண்ணைச் சுமக்கிறது. வேகம் தணிந்ததும் இறக்கி வைக்கிறது.

ஆறு கடலைச் சேருமிடத்தில் இன்னொன்றும் நடைபெறுகிறது. அதனை உங்களைக் காட்டிலும் நன்றாக உணரக்கூடியவர் எவருமில்லை. ரப்பர்ப் பாலில் அமிலத்தைச் சேர்த்தால் என்ன ஆகிறது? பாலில் மிதந்த நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைகின்றன அல்லவா? அவ்வாறே, ஆற்றுநீரில் மிதந்து வரும் களிமண் துகள்கள் கடலின் உப்புநீர் பட்டவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கனத்து, அடியில் சேறாகப் படிகின்றன. ஆற்றின் முகத்தில் அமைந்த எந்தத் துறைமுகமும் ஓயாமல் தூர் எடுக்க வேண்டியிருப்பது இதனாலேயே.

அந்த மண் எங்கிருந்து வருகிறது? மேலிருந்து. நாம் வாழும் பகுதியிலிருந்து.

ஈயச் சுரங்கங்களில் பீரங்கி போன்ற குழாய்களால் நீரைப் பாய்ச்சி மலைச்சரிவுகளைக் கரைத்த காலம் ஒன்றிருந்தது. கரைந்த மண்ணெல்லாம் ஆற்றுக்குள் சென்றது. உலு சிலாங்கூரில் கோலக்குபு என்னும் ஊர் இருந்தது. சிலாங்கூர் ஆற்றில் சுரங்க மண் நிறைந்து, வெள்ளத்திற்குமேல் வெள்ளம் வந்து, தெருவும் கடையும் மண்ணில் மூழ்கின. இறுதியில் 1931-ஆம் ஆண்டளவில் ஊரையே மேட்டு நிலத்திற்கு மாற்றினர். அதுவே இன்றைய கோலக்குபு பாரு. 'பாரு' என்றால் புதியது. பழைய ஊரை மண் கொண்டுவிட்டது. தலைநகரையும் 1926-ஆம் ஆண்டில் பெருவெள்ளம் சூழ்ந்தது. கிள்ளான் ஆற்றிலும் சுரங்க மண் மிகுதியாகச் சேர்ந்திருந்த காலம் அது.

சுரங்கத்தை மட்டும் குறை கூறிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. தொடக்க கால ரப்பர்த் தோட்டங்களில் ஒரு புல்லும் இருக்கக்கூடாது என்று நிலத்தை வழித்துத் துப்புரவாக வைத்தனர். பார்வைக்கு அழகாக இருந்தது. ஆனால் வெறும் நிலத்தில் விழுந்த மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு சென்றது. பிற்காலத்தில்தான் தவறு உணரப்பட்டது. சரிவுகளில் படிபோல் நிலத்தைச் சமன்செய்வதும், மரங்களுக்கிடையே நிலத்தை மூடிப் படரும் கொடிப்பயிரை வளர்ப்பதும் வழக்கத்திற்கு வந்தன. அக்கொடி வெறும் களையன்று. அது மண்ணுக்குப் போர்வை, மரத்திற்கு உரம், ஆற்றுக்குக் காவல், பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள துறைமுகத்திற்கும் காவல்!

ஆலைக் கழிவின் கதையும் இவ்வாறே. ரப்பர் ஆலைகளும் செம்பனை ஆலைகளும் கழிவுநீரை அப்படியே ஆற்றில் விட்ட காலத்தில், மீன் மிதந்தது, நாற்றம் வீசியது. 1974-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனித்தனி விதிகள் வந்தன. கழிவைக் குட்டைகளில் தேக்கி, நச்சுத்தன்மை தணிந்த பின்பே வெளியேற்ற வேண்டுமென்ற ஒழுங்கு ஏற்பட்டது.

இரண்டாம் பாடம் இது: துறைமுகம் ஆற்றை விட்டுக் கடலுக்குப் போகலாம், ஆறு துறைமுகத்தை விடுவதில்லை. பின்தொடர்ந்து வருகிறது.

சிப்பமும் பெட்டியும்

மூன்றாம் பாடத்தை என் குடும்பத்திலிருந்தே கூறுகிறேன்.

என் தாத்தா தோட்டத்தில் பிறந்தவர். இளமையில் துறைமுகத்தில் சுமைத்தொழிலுக்குச் சென்றார். அக்காலத்தில் புகையூட்டிய ரப்பர்த் தகடுகளை நூறு கிலோவுக்கு மேற்பட்ட சிப்பங்களாகக் கட்டி அனுப்புவர். அவற்றை உருட்டியும் தூக்கியும், தொங்காங் எனப்படும் சரக்குப் படகிலோ கப்பலிலோ ஏற்ற வேண்டும். ஒரு கப்பல் நிறைய நாள்கணக்காகும். கூலி போதுமானதாக இருந்தது, தோழமையும் இருந்தது. "என் தோளைத் தொட்டுப் பார், அதில் ரப்பர் மணக்கும்" என்பார் தாத்தா.

1963-ஆம் ஆண்டில் துறைமுக ஆணையம் அமைந்து, இரயில்வே நிருவாகத்திடமிருந்து பொறுப்பை ஏற்றது. வடக்கே புதிய ஆழ்நீர்த் துறைகள் கட்டப்பட்டன. 1973-ஆம் ஆண்டில் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. கொள்கலன் என்பது இரும்புப் பெட்டி. அமெரிக்காவில் 1956-ஆம் ஆண்டில் 58 பெட்டிகளைச் சுமந்து ஒரு கப்பல் சென்றதிலிருந்து இம்முறை பரவியது. நம் ரப்பரும் மாறிவிட்டது. 1965-இல் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர் அறிமுகமானது. இன்று அது 33.33 கிலோ கட்டிகளாக அழுத்தப்பட்டு, பெட்டியில் அடுக்கப்படுகிறது. இருபது அடிப் பெட்டி ஒன்றில் ஏறத்தாழ 20 டன் ரப்பர் அடங்கும். பாரந்தூக்கி அதனைச் சில நிமிடங்களில் கப்பலில் வைத்துவிடும்.

அச்சில நிமிடங்களில் என் தாத்தாவின் தோளுக்கு வேலையில்லாமற் போயிற்று. அவரை வேலைக்கு அமர்த்தியிருந்த குத்தகைக்காரர் ஒரு நாள் காலையில், "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்றாராம். முன்னறிவிப்பில்லை, மாற்றுப் பயிற்சியில்லை. தாத்தா தோட்டத்திற்குத் திரும்பி வந்து, முதிய வயதில் புல்வெட்டினார். பெட்டியின் மீது அவர் கோபப்பட்டதில்லை. "பெட்டி வரப்போவது தெரிந்திருந்தால் பாரந்தூக்கி ஓட்டக் கற்றிருப்பேனே" என்பதுதான் அவருடைய வருத்தம். "எங்களுக்கு யாரும் சொல்லவில்லையடா" என்று பலமுறை கூறியிருக்கிறார். மக்களிடம் செய்தி சொல்லும் இந்தப் பணிக்கு நான் வந்ததற்கு அச்சொல்லும் ஒரு காரணம்.

துறைமுகம் இடம்மாறும் ஒவ்வொரு முறையும் சிலர் பின்தங்கிப் போகின்றனர். இரயில் வந்தபோது படகோட்டியும் வண்டிக்காரரும் பிழைப்பிழந்தனர். பெட்டி வந்தபோது சுமைத்தொழிலாளி பிழைப்பிழந்தார். மாற்றத்தை நிறுத்த இயலாது. ஆனால் மாற்றத்தை முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்பக் கற்றுக்கொள்ள இயலும். இதுவே மூன்றாம் பாடம்.

இன்றைய துறைமுகமும் அதன் காவலும்

1990-களில் பூலாவ் இண்டாவில் மேற்குத் துறைமுகம் எழுந்தது. அங்கே 15 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்கள் வந்து நிற்கின்றன. பெங்காலான் பத்துவின் 4 மீட்டரை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்! 2023-ஆம் ஆண்டில் கிள்ளான் துறைமுகம் கையாண்டது, இருபது அடிப் பெட்டிக் கணக்கில் ஒரு கோடியே நாற்பது இலட்சம். உலகின் முன்னணித் துறைமுகங்களுள் அதுவும் ஒன்று.

இவ்வளவு பெரிய துறைமுகத்திற்கு அலையைத் தடுப்பவை எவை? கிள்ளான் தீவு, கெத்தாம் தீவு, இண்டா தீவு முதலியனவே. அத்தீவுகளின் ஓரங்களைப் பிடித்து நிறுத்துபவை பாக்காவ் மரங்கள். அன்று கொசுவின் இருப்பிடமென்று அஞ்சிய அதே சதுப்புக்காடு, இன்று கரையைக் காக்கும் அரணாகவும், இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டிலாகவும் மதிக்கப்படுகிறது. அதனை ஒரேயடியாக வெட்டிவிட்டால் கரை அரிக்கும். மீனவர் வலை வெறுமையாகும். எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தால் துறைமுகம் வளராது. இரண்டுக்கும் இடையே அளவறிந்து நடப்பதையே நிலைத்த வளர்ச்சி என்கிறோம்.

இந்தச் சிக்கல் நமக்குத் தொலைவில் இல்லை. கேரித் தீவில் புதிய துறைமுகம் அமைக்கும் எண்ணம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அத்தீவு தோட்டத் தீவு. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்திருக்கின்றனர். அவர்களுக்கு முன்பிருந்தே மரச்சிற்பத்தில் பெயர்பெற்ற மா மெரி பழங்குடி மக்கள் அங்கே வாழ்கின்றனர். துறைமுகம் வருமாயின், கப்பலுக்கு இடம் ஒதுக்குவதுபோல் இவர்களுடைய வீட்டுக்கும், பள்ளிக்கும், பிழைப்புக்கும் இடம் ஒதுக்க வேண்டும். இதைச் சொல்வது வளர்ச்சிக்கு எதிரானதன்று. 1901-இல் கொசுவை மறந்ததையும், 1973-இல் தோளை மறந்ததையும் மீண்டும் செய்யாதிருப்பதே உண்மையான வளர்ச்சி.

அண்டை நாட்டின் அனுபவம் ஒன்றும் நமக்குப் பயன்படும். சிங்கப்பூரின் வாணிகம் சிங்கப்பூர் ஆற்றின் கரையில்தான் தொடங்கியது. தொடக்க காலத்தில் அங்கே சரக்குப் படகோட்டியவர்களுள் தென்னிந்தியர் பலர். பின்னர்த் துறைமுகம் கடற்கரைக்குச் சென்றது; 1972-இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. ஆறோ சாக்கடையாயிற்று. 1977-ஆம் ஆண்டில் அதனைத் தூய்மையாக்கும் பணி தொடங்கி, பத்தாண்டுகளில் முடிந்தது. ஆற்றில் மிதந்த குப்பையை மட்டும் அவர்கள் வாரவில்லை. கரையோரக் குடிசைவாசிகளுக்கு வீடு கொடுத்தனர்; தெருவோர வணிகருக்குக் கடை கொடுத்தனர்; பன்றி, வாத்துப் பண்ணைகளை அகற்றினர்; 1983-இல் சரக்குப் படகுகளை வேறிடத்திற்கு மாற்றினர். மூலத்தைச் சரிசெய்த பின்பே நீர் தெளிந்தது.

நம் கிள்ளான் ஆற்றிலும் 2019-ஆம் ஆண்டில், மிதந்துவரும் குப்பையைத் தானே வாரி எடுக்கும் மிதவை இயந்திரம் ஒன்று நிறுத்தப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் இயந்திரம் கீழே வாரும் குப்பையை மேலே போடுபவர் யார்? மனிதர்தாமே! 2021 டிசம்பர் 18-ஆம் நாள் பெய்த பெருமழையில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பகுதி மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தோட்டங்களை விட்டுச் சென்ற நம் உறவினர் பலரும் அந்த நீரில் தவித்தனர். மழையே முதற்காரணம். ஆயினும் மண்ணும் குப்பையும் நிறைந்த ஆற்றில் வெள்ளம் செல்ல இடம் ஏது?

நாம் செய்யக்கூடியவை

"ஐயா, துறைமுகத்தை நாங்களா நடத்துகிறோம்? நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். செய்யக்கூடியவை உண்டு. பெரிய பணம் வேண்டாம். சிறிது கவனம் போதும்.

முதலாவது, ஓடைக்கரை. ஓடையின் இருபுறமும் உள்ள புல்லையும் மரத்தையும் வழித்தெடுக்காதீர்கள். அங்கே மருந்து தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். கரையில் வேர் இருக்கும்வரை மண் இருக்கும்.

இரண்டாவது, மருந்துக் கலன்கள். களைக்கொல்லி இருந்த கலனை ஓடையில் கழுவாதீர்கள். வீட்டில் நீர் பிடிக்கவும் பயன்படுத்தாதீர்கள். நிருவாகத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஓடைநீரில்தான் கீழே ஒரு பிள்ளை குளிக்கிறது.

மூன்றாவது, குப்பை. லயத்தின் பின்புற வாய்க்காலில் எறியும் பிளாஸ்டிக் பை அங்கேயே கிடந்து மறைவதில்லை. அடுத்த மழையில் ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து துறைமுகத்திற்கும் செல்கிறது. வாய்க்கால் அடைபட்டால் நீர் தேங்கும். நீர் தேங்கினால் கொசு பெருகும். வாட்சன் காலத்துப் பாடம் இன்று டெங்கிக் காய்ச்சலுக்கும் பொருந்தும்.

நான்காவது, ஆலைக் கழிவு ஓடையில் கலப்பதைக் கண்டால், நீரின் நிறமும் மணமும் மாறுவதைக் கண்டால், வாளாவிருக்காதீர்கள். தொழிற்சங்கத்தின் வழியாகவோ, தோட்டத் தலைவர் வழியாகவோ நிருவாகத்திற்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் தெரிவியுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

ஐந்தாவதே முதன்மையானது: பிள்ளைகளின் கல்வி. துறைமுகத்திற்கு இன்று தோள் வேண்டாம்; கையும் கண்ணும் மூளையும் வேண்டும். பாரந்தூக்கி இயக்குநர், மின்வினைஞர், இயந்திரம் பழுதுபார்ப்பவர், கணினியில் சரக்குக் கணக்கு வைப்பவர் எனப் பல வேலைகள் உள்ளன. பாரந்தூக்கிகளையே தொலைவிலிருந்து இயக்கும் காலமும் வந்துவிட்டது. நாளை இன்னொரு மாற்றம் வரும். படிவம் ஐந்து முடித்த பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால், அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தைப் பற்றி விசாரியுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடமுண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியவில்லையென்றால் எங்கள் அலுவலகத்திற்கு வாருங்கள், உதவக் காத்திருக்கிறோம்.

அன்புடையீர்!

என்னிடம் கேள்வி கேட்ட பெரியவர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு என் விடையைச் சுருக்கிச் சொல்கிறேன்.

ஐயா, பெங்காலான் பத்து ஆற்றங்கரையில் இருந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் ஆற்றின் முகத்தில் இருந்தது. இன்றைய துறைமுகம் கடலை நோக்கித் தீவில் இருக்கிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக அது நம்மைவிட்டு விலகிச் செல்வதுபோல் தோன்றுகிறது. ஆனால் அது விலகவில்லை. நீங்கள் வெட்டும் பால் அங்கே போகிறது. நீங்கள் காக்கும் மண் அங்கே போகாமல் நிற்கிறது. உங்கள் பேரன் படித்தால் அவனும் அங்கே போவான், என் தாத்தாவைப்போல் தோளைக் கொண்டு அன்று, தொழிலறிவைக் கொண்டு. அந்தத் துறைமுகத்தின் வேர் இந்தத் தோட்டத்து ஓடையில் இருக்கிறது. இதுதான் உறவு.

நாளைக் காலை வெட்டுக்குச் செல்லும்போது ஓடைப் பாலத்தில் ஒரு நிமிடம் நின்று நீரைப் பாருங்கள். அது தெளிவாக ஓடினால் மகிழுங்கள். கலங்கி ஓடினால், ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து எல்லா நன்மையும் தொடங்கும்.